கொரியாப் பெட்டையின் எட்டு நாள் நோவு

எனக்குப் பொய் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கறியில் உப்புக் கூடினால் கூடிவிட்டது என்று சமைத்தவளின் முகத்துக்கு நேரே சொல்லுகிற சென்மம் நான். கோபம் எனக்கு மூக்கு நுனியில். அதனால் என்னைத் தங்கள் வீட்டு விசேஷங்களுக்குக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. போகட்டும், என் சீலைகள் கசங்காமல் இருக்கின்றன. இப்படிப்பட்ட என்னைப் பியற்றிஸ் அக்கா என்ன பாடு படுத்தினார் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

லண்டன் ஈஸ்ட் ஹாமில் நகைக்கடைகள் முடிகிற இடத்தில், ஒரு சந்துக்குள், இராஜேந்திரன் அண்ணையின் சமையல்கூடம் இருக்கிறது. கலியாணம், பிறந்தநாள், பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு எதுவென்றாலும் றோல்ஸ் இங்கிருந்துதான் போகும். நீட்டு மேசையில் நாங்கள் நாலு பெண்கள். பியற்றிஸ் அக்கா மாவை மெல்லிய ரொட்டியாக வார்ப்பார். சிவமலர் அதற்குள் இறைச்சிக் கறியை வைத்துச் சுருட்டுவாள். மேனுஷா அதை முட்டையில் தோய்த்து றஸ்க் தூளில் பிரட்டுவாள். கடைசியில் எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் நான், தயாபரி. பொரிக்கிறது என் வேலை. ஒருமுறை மேனுஷாவின் போன் மாக்கரைசலுக்குள் விழுந்து, அது தெரியாமல் அதற்கு மேலேயே இருபது ரொட்டி வார்த்துவிட்டோம். அன்றோடு இராஜேந்திரன் அண்ணை போனைத் தடை செய்துவிட்டார். ரேடியோவோ எண்ணெய்ப் புகை குடித்து எப்போதோ செத்துப்போனது. மிஞ்சியது வாய் ஒன்றுதான்.

அந்த வாய் பியற்றிஸ் அக்காவுடையது. வயது அறுபத்திரண்டு. யாழ்ப்பாணத்துப் பாசையூர்க் கடற்கரையில் பிறந்தவர். தொண்ணூறாம் ஆண்டு புருஷனோடு லண்டனுக்கு வந்து, பதினொரு வருஷம் கனறி வோர்ஃப் பக்கத்துக் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் ஒபிஸ் துப்புரவு செய்தார். விடிய முன்னம் போய், ஆட்கள் வர முன்னம் திரும்பிவிட வேண்டும். "பதினொரு வருஷம் அந்தக் கதிரையளைத் துடைச்சனான். ஒருத்தரும் அதில இருந்து நான் காணேல்லை" என்பார். புருஷன் பெற்றோல் ஸ்டேஷனில் வேலை செய்தவர். நல்ல மனிதர், ஆனால் நாளுக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். ஆறு வருஷத்துக்கு முதல் அந்தப் பத்தும் நின்றுபோயிற்று. பார்க்கிங் என்கிற பக்கத்து ஊரில், கவுன்சில் அடுக்குமாடி வீடு ஒன்றில் அக்கா தனியே இருக்கிறார். பிள்ளைகள் இல்லை. அதற்காக அழுது ஒருநாளும் நான் காணவில்லை. ஞாயிறு கோயிலுக்குப் போவார், திங்கள் வந்து எங்களைச் சிரிக்க வைப்பார்.

கொரியா நாடகம் பார்க்கத் தொடங்கியது லொக்டவுன் காலத்தில். பணக்காரக் குடும்பத்துக் கதை ஒன்றில் கம்பனி முதலாளியின் அறை வந்ததாம். அக்கா துடைத்த அதே மாதிரி மேசை, அதே மாதிரிக் கதிரை. அதில் ஒரு ஆள் இருந்து அழுதுகொண்டிருந்தானாம். "அட, இதில இருக்கிற ஆக்களும் அழுறவங்களோ எண்டு பாத்தன். அண்டைக்குப் பிடிச்சது" என்றார்.

இந்த வருஷம் தொடங்கியதிலிருந்து அக்கா எங்களுக்கு ஒரு நாடகம் சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு நாளைக்குக் கொஞ்சம். கொரியாப் பெயர்கள் எங்கள் வாய்க்குள் நுழையாது. ஆகவே பணக்காரப் பெடியன் நெட்டையன். அவன் காதலிக்கிற பிள்ளை மீன்கடைப் பெட்டை. அவனுடைய தாய், இருபது அறை வீட்டில் முத்துமாலையோடு இருக்கிறவள், மாளிகைக்காரி. நெட்டையன் தாய்க்குத் தெரியாமல் மீன்கடைப் பெட்டையைப் பதிவுத் திருமணம் செய்துவிட்டான். மாளிகைக்காரி மகனை வீட்டுக்கு வராதே என்று சொல்லிவிட்டாள். வாசலில் செருப்பைக் கழற்றுகிறதும், பெரியவர்கள் கரண்டி தூக்கும்வரை சின்னவர்கள் காத்திருக்கிறதும், இரண்டு கையாலும் கொடுத்து வாங்குகிறதும் அக்கா சொல்லச் சொல்ல, "எங்கட ஆக்கள்தான்" என்று மேனுஷா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

சிவமலர் மட்டும் ஒன்றும் சொல்லமாட்டாள். சுருட்டுவாள், கேட்பாள். அதற்குக் காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவளுடைய ஒரே மகன் யனுஷனும் தாய்க்குச் சொல்லாமல் பதிவு எழுதியவன்தான். பிள்ளை தமிழ்நாட்டுப் பிள்ளை, மஹதி, ஒரு வங்கியில் கம்பியூட்டர் வேலை. "ஆர், எவர், எந்த ஊர், ஒண்டும் தெரியாத இந்தியாக்காரி" என்று சிவமலர் போனில் கத்தினாள். அந்தப் பிள்ளையும் பக்கத்தில் நின்று கேட்டதாம். "இனி எனக்கு மகன் இல்லை" என்று போனை வைத்தவள்தான், பதினாலு மாதம் அவன் பெயரைச் சமையல்கூடத்தில் யாரும் சொல்லக்கூடாது. அவன் இருக்கிறது பார்க்கிங்கில். ஈஸ்ட் ஹாமில் ட்ரெயின் ஏறினால் அடுத்த ஸ்டேஷன். அந்த ஒரு ஸ்டேஷனை அவளால் கடக்க முடியவில்லை. மருமகள் வயிற்றில் பிள்ளை என்று ஊர்வாயில் கேள்விப்பட்ட நாள், கை கழுவுகிற இடத்தில் என்னிடம் மெல்லச் சொன்னாள்: "எனக்குப் போக ஆசைதான் தயா. ஆனால் நான் கதைச்ச கதைக்கு அந்தப் பிள்ளை என்னை வாசலில நிக்கவும் விடாது."

"நீர் கதைச்சது பிழைதானே" என்றேன். அது உண்மை. அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு போய்விட்டாள்.

மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை, நிறைமாதமாய் இருந்த மீன்கடைப் பெட்டைக்குப் பிள்ளைப்பேற்று நோவு தொடங்கிவிட்டது என்று பியற்றிஸ் அக்கா அறிவித்தார். நாங்கள் எல்லோரும் பரபரப்பானோம். அடுத்த நாள் எனக்குக் காய்ச்சல். நெருப்பாகக் காய்ந்தது. வேலைக்குப் போகவில்லை. மேனுஷா பின்னேரங்களில் போனில் சொல்லுவாள்: "இன்னும் நோவுதான் அன்ரி." புதன் நோவு. வியாழன் நோவு. வெள்ளி மருத்துவிச்சி வந்து பார்த்துவிட்டு ஓய்வெடுக்கச் சொன்னாளாம். இது என்ன பிள்ளைப்பேறு, யானைக்குட்டியா என்று எனக்கு எரிச்சல் வந்தது.

சனிக்கிழமை என் மகள் தக்ஷிகா சொன்னாள்: "அம்மா, அந்த சீரியல் தமிழ் டப்பிங்கோட இருக்கு. போட்டு விடட்டா?" போட்டுவிட்டாள். பதினாறு பாகம். போர்வையைப் போர்த்திக்கொண்டு, மல்லித் தண்ணியும் கையுமாக, ஞாயிறு மத்தியானத்துக்குள் முழுவதும் பார்த்து முடித்தேன். முடித்தபோது காய்ச்சல் போய்விட்டது. கோபம் வந்துவிட்டது.

முதலாவது, மீன்கடைப் பெட்டைக்குத் தாய் இருக்கிறாள்! பியற்றிஸ் அக்கா சொன்ன கதையில் அந்தத் தாய் பொங்கலுக்கு முதல் கிழமை வள்ளம் கவிழ்ந்து செத்துப்போனாள். மேனுஷா கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் றஸ்க் தூளில் பிரட்டினாள். இங்கே பார்த்தால் மனிசி கல்லுப்போல உயிரோடு நிற்கிறாள். மீன் வெட்டுகிறாள், சந்தையில் சண்டை பிடிக்கிறாள், பாட்டுப் பாடுகிறாள். பிள்ளை பிறந்ததும் கடற்பாசி சூப் காய்ச்சிக்கொண்டு ஓடுகிறவள் அவள்தான். நோவும் எட்டு நாள் இல்லை, ஐந்து நிமிஷம். எல்லாவற்றுக்கும் மேலே, மாளிகைக்காரி. கடைசிப் பாகத்தில் அவள் காரில் வந்து மீன்கடைக்கு முன்னால் நிற்கிறாள். கண்ணாடிக்குள்ளால் பேரப்பிள்ளையைப் பார்க்கிறாள். முத்துமாலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருக்கிறாள். பிறகு ட்ரைவரிடம் "போ" என்கிறாள். கார் போகிறது. அவ்வளவுதான், நாடகம் முடிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்த மாதிரி, பியற்றிஸ் அக்கா ஒரு முழு மனிசியையே மறைத்திருக்கிறார். இரண்டு மாதம் எங்களைப் பேய்க்காட்டியிருக்கிறார். நாளைக்கு வருகிறேன் இருங்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தேன்.

திங்கள் காலை, கோட்டைக் கழற்ற முன்னமே சத்தமாகச் சொன்னேன்: "நான் முழுக்கப் பாத்திட்டன். தமிழில! பதினாறு பாகமும்!"

மேனுஷா கை தட்டினாள். சிவமலர் நிமிர்ந்து பார்த்தாள். பியற்றிஸ் அக்காவின் முகம் மாவின் நிறத்துக்குப் போனது. "தயா, இறைச்சிப் பெட்டி பாரமாக் கிடக்கு. ஒருக்கா வந்து பிடி" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

"இழுக்காதேங்கோ. கேக்கிறதுக்கு மறுமொழி சொல்லுங்கோ. அந்தப் பெட்டையின்ர தாயை ஏன் சாக்காட்டினனீங்கள்?"

"மெல்லக் கதை."

"மெல்லக் கதைக்கிறதோ? உயிரோட இருக்கிற மனிசியைக் கடலில தாட்டுப்போட்டு! நாங்களும் விசரியள் மாதிரி அழுதனாங்கள்!"

அக்கா ஒரு பெட்டிக்கு மேல் உட்கார்ந்தார். குளிரில் மூச்சு வெள்ளையாக வந்தது. "முதல் நான் பொய் சொல்லேல்லை, தயா. கீழ ஓடுற இங்கிலிசை நான் ரண்டு சொல்லு வாசிக்க முன்னம் அது போயிடும். முகத்தைப் பாத்து, விளங்கினதைச் சொன்னனான். பேந்துதான்…" என்று நிறுத்தினார். "யனுஷன் இருக்கிறது என்ரை புளொக்கில. எனக்கு மேல் மாடி."

நானும் இன்னொரு பெட்டிக்கு மேல் உட்கார்ந்தேன்.

"மஹதியின்ர தாய்க்கு விசா குடுக்கேல்லை. பொங்கலுக்கு முதல் கிழமை கடிதம் வந்தது. அந்தப் பிள்ளை படியில இருந்து அழுதுது. 'ஆன்ட்டி, எனக்கு இங்க யாருமே இல்ல' எண்டு சொல்லுது. இஞ்சால சிவமலர் எனக்குப் பக்கத்தில நிண்டு சுருட்டுறா. அவவுக்கு நேர சொல்ல ஏலுமோ? பேரைச் சொன்னாலே எழும்பிப் போயிடுவா. அதான் மீன்கடைப் பெட்டைக்கும் தாய் இல்லாமல் பண்ணினனான்."

"அப்ப அந்த எட்டு நாள் நோவு?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போன திங்கள் மஹதியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போச்சினம். நான் அதைக் கண்டிட்டு இஞ்ச வந்து தொடங்கிப் போட்டன். அங்க பாத்தால், பொய் நோவு, வீட்டை போங்கோ எண்டு திருப்பி அனுப்பிட்டாங்கள். நான் என்ன செய்யிறது? தொடங்கின நோவை நிப்பாட்ட ஏலுமோ? மருத்துவிச்சியைக் கூப்பிட்டன், மழையைப் பெய்ய விட்டன், கரண்டை நிப்பாட்டினன்…"

நானும் சிரித்துவிட்டேன். கோபத்தோடுதான் சிரித்தேன்.

"நேற்றுப் பின்னேரம் பிறந்திட்டுது" என்றார் அக்கா. "பொம்பிளைப் பிள்ளை. நாளைக்கு வீட்டை வருகினம். இண்டைக்குத்தான் கொரியாக்காரிக்கும் பிறக்கப் போகுது. மாளிகைக்காரி உள்ளுக்குப் போகவேணும், தயா. நீ இப்ப உடைச்சியோ, எல்லாம் போச்சு. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் செய்யலாமெண்டினம். ஒரு பிள்ளைப்பேறுக்கு ஒரு தாயைச் சாக்காட்டக் கூடாதோ?"

"எனக்குப் பொய் சொல்ல வராது. சொல்லவும் மாட்டன்" என்றேன். "ஆனால் நான் வாயைத் திறக்க மாட்டன். அவ்வளவுதான் என்னாலை ஏலும்."

தேத்தண்ணிக்குப் பிறகு அக்கா கதையைத் தொடங்கினார். பிள்ளை பிறந்தது. மேனுஷா "அப்பாடா!" என்றாள். மாளிகைக்காரிக்குச் செய்தி போனது. அவள் சூப்புச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு காரில் வந்து வாசலில் நிற்கிறாள். அந்த இடத்தில் அக்கா என்னை ஒருக்கால் பார்த்தார். பார்த்ததும் குரல் தடுமாறியது. உண்மை தெரிந்த ஒருத்தி எதிரே நிற்கும்போது எந்தப் புளுகுணிக்கும் நாக்குப் பிசகும். "அவ… கண்ணாடிக்குள்ளால… பாத்துக்கொண்டு…" என்று இழுத்தார். பிறகு நின்றுவிட்டார்.

சிவமலரின் கையில் இருந்த ரொட்டி விரிந்தபடி காயத் தொடங்கியது. அவள் அக்காவைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"தயா, நீர் முழுக்கப் பாத்தனீர்தானே. பேந்து என்ன நடந்தது? அவ உள்ளுக்குப் போனவவோ?"

எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் கேட்டதெல்லாம் கரண்டி எங்கே, உப்புக் காணுமா என்கிற கேள்விகள். இப்படிக் கெஞ்சிய கண்ணோடு எதையும் கேட்டதில்லை. அவள் கேட்கிறது கொரியாவைப் பற்றி இல்லை என்று அங்கே நின்ற நாலு பேருக்கும் தெரியும். கார் போய்விட்டது என்று சொன்னால் அது உண்மை. அந்த உண்மையைச் சொன்னால், இவள் இனி அந்த ஒரு ஸ்டேஷன் தூரத்தைச் சாகும்வரை போகமாட்டாள்.

"போனவ" என்றேன். "போகாமல்? ட்ரைவர் கதவைத் திறக்க முன்னம் தானே திறந்துகொண்டு இறங்கினவ."

"அந்தப் பெட்டை? திரத்திச்சுதோ?"

"ஏன் திரத்துது? தாயில்லாத பிள்ளை. பச்சை உடம்போட கட்டிலில கிடக்குது. மாமியாரைக் கண்டதும், 'மாமி, வாங்கோ' எண்டுது."

"அவ பேசின பேச்செல்லாம்?"

"அதைப் பற்றி ஒரு கதையும் இல்லை. சூப் ஆறப்போகுது, குடி எண்டா. அது குடிச்சுது. பிள்ளையைத் தூக்கி இவவின்ரை கையில குடுத்திச்சுது. ரண்டு கையாலையும் வாங்கினா." இவ்வளவும் எனக்குள் எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. அணை உடைந்த மாதிரி வந்தது. "முத்துமாலையைக் கழட்டி வைச்சிட்டுத்தான் வாங்கினா, பிள்ளைக்குக் குத்துமெண்டு."

பியற்றிஸ் அக்கா வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தார். மாலையை நான்தான் சேர்த்தேன்.

சிவமலர் காய்ந்த ரொட்டியை ஓரமாக வைத்துவிட்டு வேறொன்று எடுத்தாள். அப்போது பியற்றிஸ் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்று, அந்தப் பெயரைச் சொன்னார். "சிவமலர், யனுஷனுக்கு நேற்றுப் பொம்பிளைப் பிள்ளை பிறந்தது. ரண்டு பேரும் சுகம். நாளைக்கு வீட்டை வருகினம். என்ரை புளொக்தான், மூண்டாம் மாடி. அந்தப் பிள்ளையின்ர தாய்க்கு விசா கிடைக்கேல்லை."

சிவமலர் எழும்பிப் போகவில்லை. கறிக் கரண்டியைப் பிடித்தபடி அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரக்குத்தூள் இஞ்ச எந்தக் கடையில நல்லதாக் கிடைக்கும்?" என்று கேட்டாள். பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் ஆட்கள் மிளகும் மல்லியும் மஞ்சளும் இடித்த சரக்குத்தூள் போட்டுத்தான் கறி வைத்துக் கொடுப்பார்கள். நாங்கள் மூன்று பேரும் மூன்று கடையின் பெயரைச் சொன்னோம்.

செவ்வாய் அவள் லீவு. புதன்கிழமை வந்தாள். கோட்டைக் கழற்ற முன்னமே நாங்கள் சுற்றி நின்றோம்.

"சின்னச் சுறா வாங்கி, நல்லாப் பால் சுரக்கட்டுமெண்டு சரக்குக் கறி வைச்சுக் கொண்டு போனன்" என்றாள். "யனுஷன் கதவைத் திறந்தவன், அதைப் பிடிச்சுக்கொண்டு நிண்டான். மருமகள் கட்டிலில இருந்தபடி, 'உள்ள வாங்க அத்தை' எண்டுது. மாமி எண்டு சொல்லேல்லை, அத்தை எண்டுது. எனக்கு அப்பவே அழுகை. கறியை ஊத்திக் குடுத்தன். அது சட்டியைப் பாக்குது, என்னைப் பாக்குது. 'அத்தை, நான் சைவம். ஆனா நீங்க செஞ்சு கொண்டுவந்தீங்களேன்னு…' எண்டு கரண்டியைத் தூக்கிச்சுது, பாருங்கோ!"

"ஐயோ!" என்றாள் மேனுஷா.

"கரண்டியைப் பறிச்சுப் போட்டன். விசர்ப் பிள்ளை, சாப்பிட்டிருக்கும்! அந்தச் சுறாவை மகன் திண்டான். நான் ட்ரெயினில திரும்பி வந்து, உள்ளியும் முருங்கை இலையும் போட்டு வேற சட்டியில காய்ச்சி, பேந்தும் போனன். ஒரு நாளில ரண்டு தரம்!" பதினாலு மாதம் கடக்காத ஸ்டேஷனை ஒரே நாளில் நாலு தரம் கடந்திருக்கிறாள். சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கும் சந்தோஷம் பொங்கியது. அதை மறைக்க அடுப்பைக் கூட்டிக் குறைத்தேன்.

முப்பத்தொன்றாம் நாள், பிள்ளைப்பேற்றுத் தீட்டுக் கழிக்கிற துடக்குக் கழிவுக்கு இருநூறு மரக்கறி றோல்ஸ் எங்களிடம்தான் சொன்னாள். தன் வீட்டு விசேஷத்துக்குத் தானே சுருட்டினாள். கொரியாக் கதை எப்போதோ முடிந்து, பியற்றிஸ் அக்கா வேறொன்று தொடங்கியிருந்தார். பாதி றோல்ஸ் பொரித்து முடிந்திருக்கும். சிவமலர் குனிந்தபடி, சாதாரணமாகச் சொன்னாள்:

"மீன்கடைப் பெட்டையின்ர தாய் நல்ல மனிசி, என்ன? அந்தச் சந்தைச் சண்டையில எனக்குச் சிரிப்புத் தாங்கேல்லை."

பியற்றிஸ் அக்காவின் அகப்பை அந்தரத்தில் நின்றது. நான் எண்ணெய்ச் சட்டியை மறந்தேன்.

"பிள்ளை நித்திரை கொள்ளேக்க நானும் மஹதியும் அதைத்தான் போட்டுப் பாக்கிறம்" என்றாள் சிவமலர். "தமிழில."

"எவ்வளவு பாத்தனீர்?" என்று கேட்டேன்.

"பதினைஞ்சு பாகம் முடிஞ்சுது."

"மற்றது?"

அவள் கையில் இருந்த றோல்ஸை வைத்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். "மஹதி போட வெளிக்கிட்டுது. நான் வேண்டாமெண்டிட்டன். கடைசிப் பாகம் எனக்கு நீங்கள் ரண்டு பேரும் சொன்னது காணும்."

பியற்றிஸ் அக்கா முகத்தை ஏப்ரனால் துடைத்தார். ஒரு தட்டு றோல்ஸ் என் கண் முன்னாலேயே கருகிக் கரியானது. மணம் பிடித்து ஓடி வந்த இராஜேந்திரன் அண்ணை என்ன நடந்தது என்று கேட்டார். அடுப்பில்தான் ஏதோ பிழை என்று சொல்லிவிட்டேன்.